டென்னசியின் டேட்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டன் என்றால் ஒஹாயோவில் இருக்கிற ஊர்தானே?

இல்லை. அது ரைட் சகோதரர்களின் ஊர், பெரிய நகரம். இது டென்னசி மாநிலத்தின் கிழக்கில், வால்டன் ரிட்ஜ் என்ற மலைத்தொடரின் அடிவாரத்தில், சாட்டனூகாவிலிருந்து வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சின்ன டேட்டன். ரே கவுண்டியின் தலைமையிடம். பரிணாமத்தை வகுப்பில் நடத்தினார் என்று ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மேல் போட்ட வழக்கு, குரங்கு வழக்கு என்று பேர் வாங்கியது, 1925-ல் நடந்தது இந்த ஊரில்தான். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏழாயிரத்துச் சொச்சம். 1870-களில் ஊருக்குப் புதுப் பெயர் வைத்தபோது அந்த ஒஹாயோ ஊரின் பெயரைத்தான் எடுத்து வைத்துக்கொண்டார்கள், அதனால் குழப்பம் வருவது நியாயம்தான்.

கவுண்டி தலைமையிடம் என்றால் என்ன? அதில் அப்படி என்ன பெருமை?

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த படி கவுண்டி. பரப்பிலும் ஆள்தொகையிலும் நம் தாலுகா அளவு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிகாரம் தாலுகாவைவிட அதிகம். தனி ஷெரிஃப், தனிப் பள்ளி வாரியம், தனி வரி, தனி கோர்ட்டு எல்லாம் உண்டு. டென்னசியில் மட்டும் இப்படி 95 கவுண்டிகள். பத்திரம் பதிய, கல்யாண லைசென்ஸ் வாங்க, வாய்க்கால் தகராறுக்குக் கேஸ் போட எல்லாரும் தலைமையிடத்துக்கு வந்தாக வேண்டும். வந்தவர்கள் அப்படியே கடைக்கும் போவார்கள், வக்கீலையும் பார்ப்பார்கள், சாப்பிடவும் செய்வார்கள். சின்ன ஊருக்கு இதுதான் பிழைப்பு. அது கையைவிட்டுப் போனால் ஊர் படுத்துவிடும்.

படுத்த ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ரே கவுண்டி 1807-ல் உருவானது, அதன் முதல் தலைமையிடம் டென்னசி ஆற்றை ஒட்டி இருந்த வாஷிங்டன் என்ற சிற்றூர். ஆற்றில் படகுப் போக்குவரத்து இருந்த காலத்தில் அது சரியான இடம். 1880 வாக்கில் சின்சினாட்டி சதர்ன் ரயில் பாதை ஆற்றை விட்டு விலகி, மலையடிவாரமாக, டேட்டன் வழியாகப் போனது. பத்தே வருடத்தில், 1890-ல், தலைமையிடமும் ரயிலடிக்கு வந்துவிட்டது. அடுத்த வருடமே செங்கல்லில் மணிக்கூண்டோடு ஒரு பெரிய கோர்ட்டுக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள், எங்கே மறுபடியும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற அவசரம் அதில் தெரிகிறது என்பது என் எண்ணம். வாஷிங்டன் இன்று வெறும் பெயர்தான்.

அதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?

செரோக்கி மக்கள். 1838-ல் அமெரிக்க அரசு அவர்களைக் கூண்டோடு மேற்கே ஓட்டியபோது, பல ஆயிரம் பேர் டேட்டனுக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிற பிளைத் ஃபெர்ரி துறையில்தான் ஆற்றைக் கடந்தார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது. டேட்டனுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் கோர்ட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், அரை மணி நேரம் கார் ஓட்டினால் இதையும் பார்க்கலாம்.

வெள்ளைக்காரக் குடியேறிகள் 1820 வாக்கில் இங்கே வந்து, ஸ்மித் என்பவர் ஒரு கடை போட்டார். இடத்துக்கு ஸ்மித் கிராஸ்ரோட்ஸ் என்று பெயர் வந்தது. அவ்வளவுதான், அடுத்த ஐம்பது வருடத்துக்கு அது ஒரு நாற்சந்தி.

பெண்கள் குதிரைப்படை ஒன்று இருந்ததாமே, கட்டுக்கதையா?

கதை இல்லை, நடந்தது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய் வடக்கோடு மோதிய உள்நாட்டுப் போரில் கிழக்கு டென்னசியின் பெரும்பகுதி வடக்குப் பக்கம் சாய்ந்தது, ஆனால் ரே கவுண்டி இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பையன் தெற்குப் படையில், அடுத்த வீட்டுப் பையன் வடக்குப் படையில். 1862-ல் தெற்குப் படைக்குப் போன பையன்களின் தங்கைகளும் காதலிகளும், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள், குதிரையேறி முகாமுக்குப் போய்ச் சாப்பாடும் துணியும் கொடுத்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். விளையாட்டாக ஒரு படைப்பிரிவு என்று சொல்லிக்கொண்டு, ரே கவுண்டி ஸ்பார்ட்டன்ஸ் என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். மேரி மெக்டொனால்டு என்பவர் கேப்டன். சண்டை எதுவும் போட்டதில்லை.

1865 ஏப்ரலில், போர் கிட்டத்தட்ட முடிந்துவிட்ட நேரத்தில், அதே கவுண்டியைச் சேர்ந்த வடக்குப் படை அதிகாரி ஒருவர் இவர்களைக் கைதுசெய்ய உத்தரவு போட்டார். உள்ளூர்ப் பகை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஸ்மித் கிராஸ்ரோட்ஸில் கூட்டி, அங்கிருந்து ஆற்றங்கரைவரை சேற்றில் நடத்திக்கொண்டு போய், கோழித் திருடன் என்று ஊரார் பட்டப்பெயர் வைத்திருந்த ஒரு படகில் ஏற்றி சாட்டனூகாவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த ஜெனரல் ஸ்டீட்மேன் இதைப் பார்த்துவிட்டு, கைதுசெய்தவர்கள்மேல்தான் எரிந்து விழுந்தார். விசுவாச உறுதிமொழி மட்டும் வாங்கிக்கொண்டு பெண்களை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

ஊர் எப்படி வளர்ந்தது?

இங்கிலாந்துக் காசில். மலையில் நிலக்கரி இருந்தது, இரும்புத் தாதும் சுண்ணாம்புக்கல்லும் பக்கத்திலேயே கிடைத்தன, ரயிலும் வந்துவிட்டது. யார்க்‌ஷரில் கம்பளி ஆலை நடத்தி வந்த டைட்டஸ் சால்ட் குடும்பம் 1880-களில் பணம் போட, டேட்டன் கோல் அண்டு அயர்ன் கம்பெனி பிறந்தது. சுரங்கம், நிலக்கரியைச் சுட்டுக் கோக் என்ற எரிபொருளாக்கும் சூளைகள், இரும்பு உருக்கும் ஊதுலைகள் என்று நாற்சந்தி சில வருடங்களில் தொழில் நகரமாகிவிட்டது. பிறகு கம்பெனி கிளாஸ்கோ வியாபாரிகள் கைக்குப் போனது.

வேலை இருந்தது, ஆனால் கூலி காசாக வரவில்லை. கம்பெனிக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டு கொடுப்பார்கள், அந்தக் கடையில் விலை அவர்கள் வைத்ததுதான். 1899-ல் டென்னசி அரசு, இப்படிப்பட்ட சீட்டைத் தொழிலாளி கேட்டால் பணமாக மாற்றித் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. டேட்டன் கம்பெனி அதை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் 1901-ல் தோற்றது. டேட்டன் பெயர் தாங்கிய ஒரு வழக்கு நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறியது அப்போதுதான், குரங்கு வழக்குக்குக் கால் நூற்றாண்டு முன்பே. அதை இன்று ஊரில் யாரும் கொண்டாடுவதில்லை.

இன்னொரு பக்கம் உயிர்ப்பலி. 1895, 1901, 1902 என்று மூன்று பெரிய வெடிப்புகள், அவற்றில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1910-களில் கம்பெனி திவாலாகி, ஊதுலைகள் குளிர்ந்து, குடும்பங்கள் கிளம்பின. 1925-ல் ஊரில் மிச்சம் இருந்தது சுமார் 1,800 பேர்.

சரி, குரங்கு வழக்குக்கு வருவோம். ஏன் இந்த ஊரில் நடந்தது?

ஊர் கேட்டு வாங்கிக்கொண்டது.

1925 மார்ச்சில் ஆளுநர் ஆஸ்டின் பே கையெழுத்திட்ட பட்லர் சட்டம், பைபிள் சொல்லும் படைப்புக் கதையை மறுத்து, மனிதன் கீழான உயிரிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பதைத் தடைசெய்தது. நியூயார்க்கில் இருந்த அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் (ஏசிஎல்யு), இந்தச் சட்டத்தைக் கோர்ட்டில் உரசிப் பார்க்க ஒரு ஆசிரியர் முன்வந்தால் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பத்திரிகையில் அறிவித்தது. மே மாதத் தொடக்கத்தில் அந்தச் செய்தியைப் படித்த ஜார்ஜ் ராப்பிலியே, திவாலான சுரங்கத்தின் மிச்சசொச்சத்தை நிர்வகித்துக்கொண்டிருந்த நியூயார்க்காரர், பத்திரிகையை எடுத்துக்கொண்டு ராபின்சன் மருந்துக்கடைக்கு ஓடினார்.

மருந்துக்கடை என்றதும் மாத்திரை மட்டும் விற்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். அங்கே சோடா, ஐஸ்கிரீம், மேசை நாற்காலி, ஊர் வம்பு எல்லாம் கிடைக்கும். கடைக்காரர் ராபின்சன்தான் கவுண்டி பள்ளி வாரியத்தின் தலைவர். பள்ளிப் பாடப்புத்தகங்கள் விற்பதும் அவர் கடையில்தான், பரிணாமக் கொள்கை இருக்கிற அந்த உயிரியல் புத்தகம் உட்பட. அதாவது சட்டப்படி கற்பிக்கக் கூடாத பாடத்தைப் பள்ளி வாரியத் தலைவரே காசுக்கு விற்றுக்கொண்டிருந்தார். பள்ளிக் கண்காணிப்பாளர், ஹிக்ஸ் என்ற இரண்டு சகோதர வக்கீல்கள் (இருவரில் ஒருவர் பெயர் சூ, பிரசவத்தில் இறந்த அம்மாவின் பெயரை அப்படியே அவருக்கு வைத்துவிட்டார்கள்), இவர்கள் எல்லாம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வழக்கு இங்கே நடந்தால் ஊருக்கு நாலு பேர் வருவார்கள், வியாபாரம் நடக்கும், யாராவது ஆலை போட நினைக்கலாம் என்று முடிவுகட்டினார்கள். ராப்பிலியேவுக்குச் சட்டம் பிடிக்கவில்லை, ஹிக்ஸ் சகோதரர்கள் அரசுத் தரப்பில் நின்றார்கள், ஆனால் வழக்கு வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே கட்சி.

ஸ்கோப்ஸ் எப்படி மாட்டினார்?

மாட்டவில்லை, ஒப்புக்கொண்டார். ஜான் ஸ்கோப்ஸ், வயது 24, கென்டக்கியில் பிறந்தவர், ஊருக்கு வந்து ஒரு வருடம்தான். கணக்கும் இயற்பியலும் நடத்துவார், ஃபுட்பால் பயிற்சி கொடுப்பார். உயிரியல் அவர் பாடமே இல்லை, அந்த ஆசிரியர் உடம்பு சரியில்லாமல் இருந்தபோது சில நாள் வகுப்பைப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தவரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். இந்தப் புத்தகத்தை வைத்து நடத்தினால் பரிணாமத்தைத் தொடாமல் இருக்க முடியுமா என்று கேட்டார்கள், முடியாது என்றார். அப்படியானால் உன்மேல் கேஸ் போடலாமா என்றார்கள், சரி என்றார். திரும்பப் போய் ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

பரிணாமத்தை உண்மையில் அவர் வகுப்பில் நடத்தினாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை. ஜெயிலில் அடைக்கவும் இல்லை, ஊர் கல்லெறியவும் இல்லை. பின்னால் வந்த நாடகமும் சினிமாவும் அப்படிக் காட்டியதால் இந்தச் சந்தேகம் எல்லாருக்கும் வருகிறது. பள்ளி அவருக்கு மறுபடி வேலை தரத் தயாராக இருந்தது, அவர்தான் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் நிலவியல் படித்து, எண்ணெய்க் கம்பெனி வேலையாக வெனிசுவேலா போனார். 1970-ல் காலமானார்.

கோர்ட்டில் என்ன நடந்தது?

1925 ஜூலை 10 முதல் 21 வரை. அரசுத் தரப்புக்கு உதவியாக வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர், பேச்சில் சிங்கம். ஏகாதிபத்தியத்தைக் கடுமையாக எதிர்த்தவர், 1906-ல் இந்தியாவுக்கு வந்துபோய் ஆங்கிலேய ஆட்சியை விளாசி எழுதியவரும் இவர்தான், அவரை வெறும் பழமைவாதி என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பில் கிளாரன்ஸ் டாரோ, நாட்டின் பேர்போன கிரிமினல் வக்கீல், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். இருவரையும் ஊர் வர்த்தகர் சங்கம் தனித்தனியாக விருந்து வைத்து வரவேற்றது. சிகாகோ டபிள்யூஜிஎன் வானொலி கோர்ட்டுக்குள்ளேயே மைக் வைத்து நேரடியாக ஒலிபரப்பியது, ஒரு வழக்கு விசாரணை இப்படி வானொலியில் போனது அமெரிக்காவில் அதுவே முதல் தடவை. வெளியே பைபிள் விற்பவர்கள், எலுமிச்சை சர்பத் கடைகள், கோட்டு சூட்டு மாட்டிய ஒரு சிம்பன்ஸி. ராபின்சன் தன் கடை வாசலில், எல்லாம் இங்கேதான் ஆரம்பித்தது என்று பேனர் கட்டினார். வேறு ஊரே கிடைக்கவில்லையா, ஏன் டேட்டன் என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லி ஒரு சிற்றேடும் போட்டார்.

ஜட்ஜ் ரால்ஸ்டன் விஞ்ஞானிகளின் சாட்சியத்தை ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழு) முன்னால் அனுமதிக்கவில்லை. வழக்கு சப்பென்று முடியப்போகிறது என்று பெரிய பத்திரிகையாளர்கள் சிலர் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்கள், டேட்டனைத் தினமும் நக்கலடித்து எழுதிக்கொண்டிருந்த பால்டிமோர்காரர் மென்கன் உட்பட. அவர் தவறவிட்டதுதான் உச்சக்காட்சி. ஜூலை 20, திங்கள்கிழமை, புழுக்கம் தாங்கவில்லை, கூட்டத்தின் கனத்தில் மாடித் தளம் இறங்கிவிடுமோ என்ற பயம் வேறு, ஜட்ஜ் கோர்ட்டையே வெளியே புல்வெளிக்கு மாற்றிவிட்டார். மரத்தடியில், ஆயிரக்கணக்கானோர் பார்க்க, டாரோ எதிர்த்தரப்புப் பிரையனையே சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட்டார், பைபிள் நிபுணராக. யோனாவை மீன் விழுங்கியது நிஜமா, யோசுவா சொன்னதும் சூரியன் நின்றதா, காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள் என்று சுமார் இரண்டு மணி நேரம் குடைந்தார். படைப்பின் ஆறு நாள் என்பது 24 மணி நேர நாளாக இருக்க வேண்டியதில்லை என்று பிரையன் வாயாலேயே வந்தது, அவர் பக்கத்து ஆட்களுக்கே அது அதிர்ச்சி.

மறுநாள் அந்தச் சாட்சியம் முழுவதையும் ஜட்ஜ் பதிவிலிருந்து நீக்கிவிட்டார். மேல்முறையீட்டுக்குப் போக வேண்டுமே என்று டாரோவே குற்றவாளி என்று தீர்ப்பளிக்கச் சொல்லிக் கேட்க, ஜூரி ஒன்பது நிமிடத்தில் அப்படியே சொல்லிவிட்டுப் போனது. 100 டாலர் அபராதம். 50 டாலருக்கு மேல் என்றால் ஜூரிதான் தொகையை நிர்ணயிக்க வேண்டும், ஜட்ஜ் நிர்ணயித்தது தப்பு என்று 1927-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. பட்லர் சட்டம் மட்டும் 1967 வரை புத்தகத்தில் இருந்தது.

ஊருக்கு லாபம் கிடைத்ததா?

சுமார்தான். பல்லாயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், வெளியூரிலிருந்து வந்தவர்களில் பெரும்பகுதி பத்திரிகைக்காரர்கள். புது ஆலை எதுவும் அப்போது வரவில்லை. பெயர் மட்டும் கெட்டது. நாடு முழுக்க டேட்டன் என்றால் பட்டிக்காடு, மூடநம்பிக்கை என்று ஆனது. இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு: எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் விருந்து வைத்த ஊர் அது, டென்னசியின் எத்தனையோ ஊர்கள் அதைச் செய்திருக்கமாட்டா. வந்து பார்த்த முதல் நாளில் மென்கனே ஊர் அழகாக இருக்கிறது என்று எழுதியவர்தான்.

பிரையன் அங்கேயே இறந்தாரா?

ஆமாம். வழக்கு முடிந்து ஐந்தாம் நாள், ஜூலை 26, ஞாயிறு. காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு, மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் நினைவாக 1930-ல் திறந்த கல்லூரிதான் இன்றைய பிரையன் காலேஜ். அதன் முதல் வகுப்புகள் நடந்த இடம் ஸ்கோப்ஸ் பாடம் நடத்திய அதே பழைய பள்ளிக் கட்டடம். ஆதாம் ஏவாள் நேரடியாகப் படைக்கப்பட்டவர்கள் என்று கல்லூரி 2014-ல் தன் கொள்கை வாசகத்தைக் கறாராக்க, ஆசிரியர்கள் சிலர் வெளியேறினார்கள். ஆக அந்த விவாதம் கல்லூரிக்குள் இன்னும் ஓயவில்லை.

இன்னும் அப்படியே பழமைவாத ஊர்தானா?

பெருமளவு ஆமாம். கல்லூரி மாணவர்கள் அரசுப் பள்ளிகளில் பைபிள் வகுப்பு எடுத்து வந்ததை 2002-ல் ஃபெடரல் கோர்ட்டு நிறுத்தியது, அதுவரை அது அரை நூற்றாண்டாக நடந்து வந்தது. 2004-ல் கவுண்டி கமிஷனர்கள் தன்பாலின ஈர்ப்புள்ளவர்களைக் கவுண்டியில் வசிக்கவே விடக்கூடாது என்று ஒருமனதாக ஓட்டுப் போட்டு, நாடே கொதித்ததும் இரண்டே நாளில் வாபஸ் வாங்கினார்கள். பூசி மெழுக எதுவும் இல்லை, அசிங்கமான விஷயம்தான்.

அதே ஊரில் வளர்ந்து, பிரையன் காலேஜில் படித்து, அங்கேயே வாழ்ந்துகொண்டு, தன் சபையின் நம்பிக்கைகளை வெளிப்படையாகக் கேள்விகேட்டு எழுதியவர் ரேச்சல் ஹெல்ட் எவன்ஸ். 2019-ல் 37 வயதில் இறந்தபோது நாட்டின் பெரிய பத்திரிகைகள் எல்லாம் இரங்கல் எழுதின. ஃபிடில் வாசித்துப் பேர் வாங்கிய கறுப்பினக் கலைஞர் ஹோவர்டு ஆர்ம்ஸ்ட்ராங் 1909-ல் பிறந்ததும் டேட்டனில்தான், ஆனால் வளர்ந்தது வேறு ஊர்.

இப்போது மக்கள் என்ன வேலை செய்கிறார்கள்?

சாய்வு நாற்காலிகளுக்குப் பேர்போன லேசி பாய் கம்பெனிக்கு இங்கே 1970-களிலிருந்து பெரிய ஆலை இருக்கிறது, தலைமுறையாக ஊரில் அதிகம் பேருக்குச் சோறு போடுவது அதுதான். 2019-ல் பின்லாந்தின் நோக்கியன் டயர் கம்பெனி ஆலை திறந்தது. கவுண்டியின் வடக்கே ஸ்பிரிங் சிட்டியில் வாட்ஸ் பார் அணுமின் நிலையம். முன்பு ஸ்ட்ராபெரி சாகுபடி பெரிதாக நடந்தது, வயல்கள் போய்விட்டன, 1947-ல் தொடங்கிய ஸ்ட்ராபெரித் திருவிழா மட்டும் மே மாதம் தவறாமல் நடக்கிறது. 1940-ல் அணை கட்டியதில் உருவான சிக்கமாகா ஏரியில் பாஸ் மீன் பிடிக்க வெளிமாநிலத்துக்காரர்கள் குவிகிறார்கள், மோட்டல்களை நிரப்புவது அவர்கள்தான்.

போனால் எதைப் பார்ப்பது?

முதலில் கோர்ட்டு. மாடியில் அந்த விசாரணைக் கூடம், கீழ்த்தளத்தில் மியூசியம், மருந்துக்கடை மேசையும் அங்கே இருக்கிறது. வெளியே புல்வெளியில் 2005-ல் வைத்த பிரையன் சிலை, 2017-ல் சில எதிர்ப்புகளுக்கு நடுவே வைத்த டாரோ சிலை. ஜூலையில் போனால் அதே கூடத்தில் உள்ளூர்க்காரர்கள் வழக்கை நாடகமாக நடிப்பதைப் பார்க்கலாம், டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நடக்கத் தெம்பு இருந்தால் ரிச்லாந்து ஓடையை ஒட்டிய லாரல் ஸ்னோ பாதையில் ஏறுங்கள். அருவி இரண்டு வரும், அதற்கு முன்பே வழியில் கம்பெனிக் காலத்துச் சுரங்க வாயும் கற்சுவர்களும் வரும், உள்ளே நுழைந்து பார்க்கிற ஆசை மட்டும் வேண்டாம்.